ஃபேன் காற்றில் பறந்த பல்

எலியின் பல்லைப் பார்த்து அது எந்த எலி என்று சொல்லும் வேலை ஒன்று உலகத்தில் இருப்பது எனக்கு நாற்பது வயதுக்குப் பிறகுதான் தெரியும். அதுவரை எலி என்றால் எனக்கு இரண்டே வகை. பொறியில் விழுவது, விழாதது.

மாத்தளை டவுனில் திரீவீலர் ஓட்டுகிறவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். இரண்டு பக்கமும் அழவில்லை. ஒரு நாள் ஸ்டாண்டுக்கு ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் வந்து பல்லேகமவுக்கு ஹயர் கேட்டார். கம்பஸில் படிப்பிப்பவர், கூடவே ஏதோ பெரிய படிப்பும் படிப்பவர். அதனால் நான் மிஸ் என்று கூப்பிட்டேன், அவர் என்னை அண்ணை என்றார். ரிவர்ஸ்டன் ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கும்போது, "என்ன வேலையா போறீங்க மிஸ்?" என்று கேட்டேன்.

"குகை மண்ணுக்குள்ள பழைய எலிப் பல்லு தேடப் போறன் அண்ணை."

நான் கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். மிஸ் சிரிக்கவில்லை. உண்மையாகத்தான் சொல்கிறார்.

அந்த ஹயர் ஒரு நாளில் முடியவில்லை. குகையிலிருந்து மண் மூட்டை ஏற்றவும், சிங்களம் பேசவும் ஆள் வேண்டுமென்று, தான் அறை எடுத்திருந்த வீட்டிலேயே என்னையும் தங்க வைத்துக்கொண்டார். ஸ்டாண்டில் பயல்கள் விடுவார்களா? "என்னாடா, எலிக்கு பல்லு கட்ட போறியாமே? முதல்ல ஒன் பல்ல கட்டுடா" என்றார்கள். நியாயமான பேச்சு. வெற்றிலை போட்டுப் போட்டு என் வாயில் இருப்பது பற்களா, கராம்பா என்று டாக்டருக்கே சந்தேகம் வரும்.

வேலை சுகமானது. மண்ணைத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஓடையில் வைத்துச் சல்லடையில் கழுவி, தங்கியதைத் துணியில் காயப்போட வேண்டும். காய்ந்ததும் தட்டில் பரப்பி, ஈரமான பெயின்ட் பிரஷ் நுனியால் ஒவ்வொன்றாய்ப் பொறுக்க வேண்டும். எலும்பெல்லாம் நொறுங்கிவிடும், பல் மட்டும் நிற்கும். கடுகை விடக் கொஞ்சம் பெரிது. மிஸ் அதை மைக்ராஸ்கோப்பில் வைத்து எனக்கும் காட்டினார்.

"இது எலி. மேல குமிழ் குமிழா வரிசையா இருக்கு, தெரியுதோ?"

"இட்லித் தட்டக் கவுத்து வச்ச மாதிரி இருக்கு மிஸ்."

"ஓம், அதேதான். இப்ப இந்தப் படத்தைப் பாருங்கோ. இது டோர்மவுஸ். எலி மாதிரி, ஆனா வேற சாதி. குமிழ் இல்லை. குறுக்கால கோடு கோடா வரப்பு."

அது தேயிலை மலையில் வரிசையாய்த் தண்ணீர்க் கான் வெட்டியதுபோல் இருந்தது. குளிர் நாடுகளில் டோர்மவுஸ் வருஷத்தில் பாதி தூங்குமாம். நான் அதற்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்தேன், உறவுக்காரன் போல ஒரு பாசம் வந்துவிட்டது. கேரள மலைகளில் மிளகு தின்கிற எலி ஒன்று இருக்கிறதாம், அதையும் டோர்மவுஸ் என்றுதான் சொல்கிறார்களாம். ஒரு காலத்தில் நமக்கும் இந்தியாவுக்கும் நடுவே கடல் வற்றித் தரையாய் இருந்தபோது அதுமாதிரி ஒரு பிராணி கால்நடையாய் இந்தப் பக்கம் வந்ததா என்பதுதான் மிஸ்ஸின் கேள்வி. வந்ததற்கு இதுவரை யாரிடமும் ஒரு பல்கூட இல்லை. எங்கள் மூட்டைகளிலும் இட்லித் தட்டைத் தவிர வேறு கிடைக்கவில்லை. "இதை வச்சு என்னத்தை எழுதப் போறீர் எண்டு எங்கட புரொபசர் சேர் கேக்கத் தொடங்கீட்டார் அண்ணை" என்று ஒரு நாள் சொன்னார். அன்று அவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டார்.

பிறகுதான் அந்தப் பல் வந்தது. பாதிப் பக்கம் சுண்ணாம்பு மாதிரி கல் ஒட்டியிருந்தது. தெரிந்த பாதியில் கோடுகள். குறுக்கே, வரிசையாய், அழகாய்க் கோடுகள். மிஸ் பார்த்தார், படத்தைப் பார்த்தார், திரும்பப் பார்த்தார். போனை மைக்ராஸ்கோப் கண்ணில் வைத்து போட்டோ எடுத்து சேருக்கு அனுப்பினார். பல்லைப் பத்திரமாய்க் கொண்டுவாரும், ஒட்டியதை லேபில் வைத்துத்தான் எடுக்க வேண்டும், போட்டோவை மட்டும் வைத்து யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று பதில் வந்தது. "இது அதுவா இருந்தா இலங்கையில முதலாவது அண்ணை" என்றார் மிஸ்.

அன்று பின்னேரம் கரண்ட் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து மிஸ் பிரஷ் நுனியில் பல்லை எடுத்து சின்ன டப்பிக்குள் போடப் போனார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. தலைக்கு மேல் ஃபேன் சுற்றியது. பிரஷ் இருந்தது, மிஸ் இருந்தார், பல் இல்லை.

"ஆரும் அசையாதேங்கோ!"

ஆரும் என்றால் நான் ஒருவன்தான். ஒரு காலைத் தூக்கியபடி நின்றேன். கோயில் குளத்துக் கொக்குகூட அவ்வளவு நேரம் நிற்காது. பிறகு இருவரும் முழங்காலில் தவழ்ந்து, டோர்ச் அடித்து, கண் பூத்துப்போகும்வரை தேடினோம். கிடைக்கவில்லை. "காலையில பாப்பம்" என்றார் மிஸ்.

காலையில் எழுந்து வந்தால் தரை கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. வீட்டுக்கார அக்கா சிங்களத்துப் பொம்பிளை, விடிந்தால் கையில் விளக்குமாறு இல்லாமல் அவருக்கு நாள் தொடங்காது. இரவு அவரிடம் சொல்லிவைக்க எங்களுக்குத் தோன்றவில்லை. வெளியே மிளகுக் கொடிக்குப் பக்கத்தில் குப்பை குவிந்திருந்தது. அக்கா குனிந்து நெருப்புக் குச்சி உரசிக்கொண்டிருந்தார்.

நான் ஓடிப்போய்த் தண்ணீர் வாளியைத் தூக்கி அப்படியே ஊற்றினேன். குப்பை நனைந்தது. அக்காவும் நனைந்தார்.

"பைத்தியமா உனக்கு?" என்று சிங்களத்தில் கத்தினார்.

"எலிப் பல்லு அக்கே! உள்ள எலிப் பல்லு இருக்கு!"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "எலிப் பல்லுக்கா இந்தப் பாடு? குசினிக்கு வா, அடுப்படியில எலி உயிரோடவே ஓடுது. புடிச்சுத் தாரேன், பல்ல எண்ணிக்கோ."

மிஸ்ஸுக்கு நான் மொழிபெயர்த்தேன், 'பைத்தியம்' மட்டும் விட்டுவிட்டு.

குப்பையை அள்ளி ஓடைக்குக் கொண்டுபோய், குகை மண்ணைக் கழுவுவதுபோலவே கழுவினோம். காயவைத்துத் தட்டில் பரப்பினால் ஒரு வீட்டுச் சரித்திரமே கிடந்தது. மிளகாய் விதை, பல்லிப் புழுக்கை, சிவப்பரிசிக் குறுணை, என் நகம். அக்கா எப்போதோ தொலைத்த தோட்டுத் திருகாணிகூடக் கிடைத்தது. அதற்குப் பிறகு அவர் கோபம் தீர்ந்து, தானும் ஒரு தட்டை மடியில் வைத்துக்கொண்டு பொறுக்க உட்கார்ந்தார்.

"மிஸ், பல்லு!" என்று கத்துவேன். "அது அரிசி அண்ணை" என்பார். "மிஸ், இது?" "அதுவும் அரிசி." இப்படிக் கத்திக் கத்தி எனக்கே வெட்கமாகிவிட்டது. கடைசியில் ஒன்றைப் பிரஷ்ஷில் எடுத்து, தூர எறியப் போகிற நேரத்தில், "இதுவும் அரிசிதானே மிஸ்?" என்று சும்மா நீட்டினேன்.

மிஸ் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அசையாதேங்கோ" என்றார் மெதுவாக.

அதேதான். போட்டோவில் இருந்த மூலை உடைவு அப்படியே இருந்தது. மூவரும் சிரித்தோம். ஆனால் விழுந்ததிலோ ஓடையில் அலசியதிலோ ஒட்டியிருந்த கல் முழுதும் கழன்று போயிருந்தது. மிஸ் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். வைத்தவர் எடுக்கவே இல்லை.

பிறகு எழுந்து எனக்கு இடம் விட்டார். நானும் பார்த்தேன். இந்தப் பக்கம் கோடுகள் அப்படியே இருந்தன. கல் மறைத்திருந்த பக்கத்தில் கோடுகள் வளைந்து போய், ஒவ்வொன்றின் முனையிலும் பாதி தேய்ந்த ஒரு குமிழ்.

"இட்லித் தட்டு" என்றேன். வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

"ஓம் அண்ணை. எலிதான். கிழட்டு எலி. சாப்பிட்டுச் சாப்பிட்டுக் குமிழெல்லாம் தேஞ்சு ஒண்டா சேந்து கோடாப் போயிருக்கு."

தேநீர் கொண்டுவந்த அக்கா எங்கள் முகங்களைப் பார்த்து என்னவென்று கேட்டார். எலிப் பல்லாய்ப் போய்விட்டது என்றேன்.

"எலிப் பல்லுதானே தேடுனீங்க? எலிப் பல்லுதானே கெடைச்சிருக்கு? அப்புறம் என்ன எழவு வீடு மாதிரி?"

மிஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"மிஸ், போட்டோவுல அது இன்னும் தூங்குமூஞ்சிதானே? கல்லு கழண்டுச்சுன்னு யாருக்குத் தெரியும்? பல்லு காணாமயே போச்சுன்னு சொல்லிட்டு போட்டோவ வச்சே..."

மிஸ் திரும்பினார். "உங்கட கலியாண போட்டோவைப் பாத்திட்டு, நீங்கள் வடிவான ஆள் எண்டு ஆரும் இப்ப நம்புவினமோ அண்ணை?"

அக்காவுக்கு இதை மொழிபெயர்க்கச் சொல்லி மிஸ்ஸே கட்டளை போட்டார். அக்கா சிரித்த சிரிப்பில் தேநீர் சிந்தியது.

பிறகு மிஸ் சேருக்குப் போன் எடுத்தார். எலி என்று ஒரே சொல்லில் சொன்னார். அந்தப் பக்கம் நீளமாய்ப் பேச்சு. மிஸ் "ஓம் சேர், ஓம் சேர்" என்றபடி நெற்றியைத் தேய்த்தார். ஏச்சு விழுகிறது என்று நினைத்து நான் தள்ளி உட்கார்ந்தேன். போனை வைத்ததும் கேட்டேன்.

"என்ன மிஸ் சொல்றாரு?"

"எலி எண்டா எந்த எலி எண்டு கேக்கிறார்."

மிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எலிப் பல் படங்களை மேசையில் விரித்தார். வீட்டெலி இல்லை. வயல் எலியும் இல்லை. ஒவ்வொரு படமாய் ஒதுக்க ஒதுக்க அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாய் மாறியது. "இஞ்ச பாருங்கோ அண்ணை, இதின்ர முன் பக்கம்... இது எதோடயும் சேரேல்லையே." அது நல்லதா கெட்டதா என்று எனக்கு விளங்கவில்லை. அவர் நாற்காலி நுனிக்கு வந்திருந்ததால் நல்லது என்று வைத்துக்கொண்டேன்.

சோறு ஆறுகிறது என்று அக்கா வாசலில் நின்று கூப்பிட்டார். மிஸ் கையை மட்டும் அசைத்தார். இன்னொரு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அக்கா எனக்கு மட்டும் போட்டார்.