ஆறுக்கு நாலு

டென்னிஸில் நான் முதலில் நன்றாகக் கற்றுக்கொண்டது பொய் சொல்வதைத்தான். சர்வீஸ் எல்லாம் பிறகுதான் வந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கீழ்க்கட்டளையில் எங்கள் தெருவுக்குப் பின்னாலிருந்த மண் கோர்ட்டில் ஒரு வருடமாக ஆடிக்கொண்டிருந்தேன். என்னைப் போட்டியில் சேர்க்கலாமா என்று அப்பா கேட்டபோது கோச் தலையைச் சொறிந்தார்.

"பத்து வயசுக்குள்ள பிரிவுல போடு சார். அதுல பந்து மெதுவா எழும்பும், பாப்பா சைஸ் பசங்கதான் வரும். பெரிய பிரிவுக்கு இன்னும் டைம் கீது."

அப்பா கணக்கு வாத்தியார். மூன்றாம் வகுப்பிலேயே எனக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கைச் சொல்லிக்கொடுத்து, அதனால்தான் நான் முதல் ரேங்க் வாங்குகிறேன் என்று நம்பியவர். டென்னிஸும் அவருக்கு இன்னொரு பாடம், அவ்வளவுதான். பதினான்கு வயதுக்குட்பட்டோர் பிரிவில் என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார்.

முதல் போட்டி கோவிலம்பாக்கத்தில். அப்பா உள்ளே வரவில்லை. பொதுத்தேர்வுக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோர் மாதிரி கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டார். தான் பார்த்தால் எனக்குப் பதட்டமாகிவிடுமாம். என் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, "அவசரப்படாம எழுது. தெரிஞ்சதை முதல்ல எழுது" என்றார்.

எதிரில் வந்த அக்காவுக்குப் பதிமூன்று வயது, பையில் இரண்டு ராக்கெட். அவள் சர்வீஸ் போட்டால் பந்து என் தலைக்கு மேலே எழும்பிப் போனது. நான் குதித்துக் குதித்து அதை வழியனுப்பினேன். ஆறுக்கு சைபர், ஆறுக்கு சைபர். கை கொடுக்கும்போது "சாரி பாப்பா" என்றாள். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

வெளியே அப்பா ரோஸ்மில்க் பாட்டிலோடு காத்திருந்தார். "எப்படிம்மா எழுதினே?"

அந்த முகத்தைப் பார்த்து சைபர் என்று சொல்ல வாய் வரவில்லை. "தோத்துட்டேன்பா. ஆறுக்கு நாலு, ஆறுக்கு நாலு."

"பதிமூணு வயசுப் பொண்ணுகிட்ட நாலா!" என்று அப்பா பூரித்துப்போனார். அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் அகப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னார். நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. நாலு எடுத்தவளை யாராவது கீழ்ப் பிரிவில் போடுவார்களா? அடுத்த மாதமும் அதே பிரிவு, அதற்கடுத்த மாதமும் அதே பிரிவு. மூன்றாவது முறை ஏழுக்கு அஞ்சு என்றேன். பொய்யிலும் கொஞ்சம் முன்னேற்றம் காட்ட வேண்டும் அல்லவா?

போட்டி நாட்களில் பக்கத்துக் கோர்ட்டில் என் உயரப் பிள்ளைகள் மெதுவாக எழும்பும் பச்சைப் புள்ளி வைத்த பந்தைத் துரத்திக்கொண்டு கத்துவார்கள், சண்டை போடுவார்கள். அங்கே ஆட எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. ஆனால் அங்கே போக வேண்டுமென்றால் அத்தனை சைபரையும் அப்பாவிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குப் பதில் டென்னிஸையே விட்டுவிடலாம் என்று தீர்மானித்தேன். அடுத்த போட்டியோடு சரி.

அது ஊரப்பாக்கத்தில் நடந்தது. ஸ்கூட்டரை நிறுத்திய அப்பா சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு தயங்கினார்.

"கடைசித் தேதியை விட்டுட்டேன்மா. பெரிய பிரிவு ஃபுல்லாயிடுச்சாம். அண்டர் டென்லதான் இடம் இருந்துது. இந்த ஒரு வாட்டி அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

"என்னப்பா நீங்க!" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். உள்ளே போகும்போது ஓடாமல் நடப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

எதிரில் ஒரு பல் விழுந்த பெண், என் உயரம்தான். பந்து என் இடுப்பு உயரத்துக்கே வந்தது. நான் அடித்தேன், அவள் திருப்பி அடித்தாள், நான் மறுபடியும் அடித்தேன். ஒரே பந்து அத்தனை தடவை என்னிடம் திரும்பி வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. இழுத்துக்கொண்டே போய், ஏழுக்கு ஆறில் தோற்றேன்.

அப்பா கேட்பதற்கு முன்பே கத்தினேன். "அப்பா, தோத்துட்டேன்! ஏழுக்கு ஆறு! இன்னொரு வாட்டி ஆடினா ஜெயிச்சிடுவேன்!"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப அடுத்ததும் இதுலயே போட்டுடவா?"

"போடுங்கப்பா."

கரண்ட் பில் வந்த அன்றைக்கே கட்டிவிடுகிற மனிதர் ஒரு கடைசித் தேதியைத் தவறவிட்டார் என்பதை நான் அப்படியே நம்பினேன். எல்லாப் போட்டியிலும் முடிவுகளை எழுதிக் கேட்டை ஒட்டிய சுவரில்தான் ஒட்டுவார்கள், அப்பா நின்றதும் அந்தச் சுவரோரம்தான் என்பது எனக்கு உறைக்கப் பல வருடங்கள் ஆயின. எந்தப் போட்டியில் அது அவர் கண்ணில் பட்டதோ, இன்றுவரை அவர் சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் என் முறை வந்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டேன். "ஆண்டவரே, எங்க அப்பாவுக்கு மறதி வந்துடுச்சு. அவருக்கு நல்ல ஞாபக சக்தியைக் கொடும்" என்று உருகி வேண்டினேன். அப்பா மற்ற நாட்களைவிடச் சத்தமாக ஆமென் சொன்னார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெப நேரத்தில் போய் இப்படிச் சிரிக்கிறாளே என்று எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது.