பத்தொன்பது மணி நாற்பது நிமிடம்

2023 ஆகஸ்ட் 24, வியாழக்கிழமை, காலை 9.10. திருகோணமலையில் வானத்தில் ஒரு துண்டு மேகமும் இல்லை. மலையில் எங்கள் அக்கரப்பத்தனையிலிருந்து கொண்டுபோன குடை, கம்பளிச் சட்டை, காதுவரை இறங்கும் குல்லா ஆகிய மூன்றையும் மடியில் வைத்துக்கொண்டு படகில் உட்கார்ந்திருந்தேன். எதிரே என் மகன் முதுகில் காற்றுச் சிலிண்டரோடு மல்லாந்து கடலுக்குள் விழுந்தான். உயர்தரத்தில் கணிதம் படிக்கவைத்த பிள்ளை. இப்படி விழுவதற்குச் சம்பளம் வாங்குகிறான்.

மறுநாள் காலை 7.20க்கு டயகமவில் அவனுக்கு நிச்சயதார்த்தம். சீசன் நேரம் என்று அவன் வேலை செய்யும் சுழியோட்டக் கடை முதலாளி கடைசி நாள்வரை லீவு தராததால், நேரில் பிடித்துக்கொண்டு போகவே வந்திருந்தேன். வந்ததே வந்தீர்கள், படகில் போய்ப் பாருங்கள் ஐயா என்றார் முதலாளி. பார்க்க ஒன்றும் இல்லை. மேலிருந்து பார்ப்பவனுக்குச் சுழியோட்டம் என்பது வெறும் குமிழிதான். எண்ணினேன், நிமிடத்துக்குப் பதினான்கு கொத்து. முப்பது மீற்றர் ஆழத்தில் ஒரு பழைய கப்பல் கிடக்கிறதாம், அதன் சமையலறையில் மீன்கள் குடியிருக்கின்றனவாம். யாரோ மூழ்கடித்த கப்பலைப் பார்க்க இரண்டு வெள்ளைக்காரர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கொடுத்திருந்தார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்து இடிந்து விழுந்த லயங்கள் மூன்று இருக்கின்றன. இலவசமாகவே காட்டுவோம். ஒருவரும் வருவதில்லை.

ஒரு மணி நேர ஓய்வுக்குப் பிறகு இரண்டாவது தடவை பவளப்பாறைக்கு இறங்கினார்கள். மகன் கடைசியாகத் தலையைத் தூக்கியபோது மணி 11.40. குறித்துக்கொண்டேன்.

கரையில் முதலாளி ஒரு சட்டம் சொன்னார். ஆழத்தில் இழுக்கும் காற்று இரத்தத்தில் கரைந்து நிற்குமாம். உடனே உயரமான இடத்துக்குப் போனால், மூடி திறந்த சோடாப் போத்தல்போல உடம்புக்குள் குமிழி கிளம்புமாம். ஆகவே ஒரு நாள், குறைந்தது பதினெட்டு மணி நேரம், மலைப்பக்கம் போகக்கூடாது. கடலில் வேலை செய்கிறவர்கள் ஹட்டன் பஸ்ஸுக்கும் சட்டம் போடுகிறார்களே என்று நினைத்துக்கொண்டேன். முப்பத்து நான்கு வருடம் கணிதம் கற்பித்தவன் நான். மனதிலேயே கூட்டிவிட்டேன்.

"பதினெட்டு மணி நேரம்தானே? நாளைக்கு ஏழு இருபதுக்கு பத்தொன்பது மணி நாப்பது நிமிசம் ஆயிருக்கும். மிச்சம் வேற இருக்கு."

"அவ்வளவு நேரமும் கீழயே இருக்கணும்ப்பா. அப்பறந்தான் ஏறணும்."

"வீடு மேலதானடா இருக்கு. ஏறாம எப்படி வர்றது?"

நாளைத் தள்ளிவைக்கலாமே என்றான். அடுத்த நல்ல நாள் இரண்டு கிழமைக்குப் பிறகு. சம்பந்தியோ தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கண்டாக்காக இருந்து ஓய்வுபெற்றவர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஐந்து நிமிடம் பிந்தியவர்களுக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் போட்டவர். பிந்துகிற மாப்பிள்ளைக்கு அரைப் பெண்ணா கொடுப்பார்? என் மகன் பேச்சைத் தட்டாத பிள்ளை. அதுதான் அவனுக்கு வினையானது. 12.50 பஸ்ஸில் ஏறினோம்.

கம்பளை தாண்டியதும் தோளைத் தேய்க்கத் தொடங்கினான். ஜன்னல் குளிர் என்று குல்லாவைக் கொடுத்தேன். வீட்டில் தைலம் தடவினேன். வாயுப் பிடிப்பு என்று பக்கத்து வீட்டில் பூண்டு தட்டிக் கொடுத்தார்கள். எல்லாருக்கும் ஒவ்வொரு வைத்தியம் தெரிந்திருந்தது.

டயகமவில் தூறல். ஒன்பது தட்டுகளோடு 7.05க்கே போய்ச் சேர்ந்தோம். தட்டு மாற்றியதும் பெண்ணுக்கு மோதிரம் போடச் சொன்னார்கள். மகனின் வலது கை தூக்கவே வரவில்லை. விரல்கள் மடங்கவில்லை. மோதிரம் நழுவி உருண்டு, ஆட்கள் உட்கார்ந்திருந்த வாங்குக்கு அடியில் போனது. மோதிரமும் முங்கப் போயிருச்சு போல என்று பின்னால் ஒருவர் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். சம்பந்தி சிரிக்கவில்லை.

"மாப்பிள்ளைக்குக் கை வெளங்காதா? இத நீங்க சொல்லவே இல்லையே, சம்பந்தி."

மருந்துக் கடையில் வேலை செய்யும் மணப்பெண்தான் இருக்கையை விட்டு எழுந்தாள். அவன் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தி, தெரிகிறதா என்று கேட்டாள். இரண்டில் தெரியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, நேத்து எத்தனை மணிக்குத் தண்ணியில இருந்து மேல வந்தாங்க?"

"பதினொன்னு நாப்பது." பெருமையாகவே சொன்னேன்.

"பஸ் மலை ஏற ஆரம்பிச்சது?"

மாத்தளையில் மணி பார்த்திருந்தேன். நாலு நாப்பது. சொல்வதற்குள் விடை தெரிந்துவிட்டது. ஐந்து மணி நேரம். பஸ்ஸில் ஏறிய நேரத்தையும், மலையில் படுத்த இரவையும் ஓய்வுக் கணக்கில் சேர்த்திருந்தேன். கேள்வியைப் படிக்காமல் எண்களை மட்டும் கூட்டும் பிள்ளைகளுக்கு முப்பத்து நான்கு வருடம் முட்டை போட்டவன் நான்.

நல்ல நேரம் முடியாமல் வாசல் தாண்டக்கூடாது என்றார் சம்பந்தி. "அப்பா, கைய பாருங்க, மணிய பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் வாடகை வானுக்குப் போன் பண்ணினாள். வழியில் ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் மாட்டி, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு கீழே கொண்டுபோங்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். வந்த வழியே திரும்பினோம். பின் சீட்டில் மகன் படுத்திருக்க, பக்கத்தில் நிச்சயமாகாத மருமகள். முன் சீட்டில் சம்பந்தி. வளைவுக்கு வளைவு மெதுவாகப் போகச் சொல்லிக்கொண்டிருந்தவர், பேராதனை வந்ததும் வேகமாகப் போகச் சொன்னார்.

திருகோணமலைக் கடற்கரை ஆஸ்பத்திரியில் ஓர் இரும்புப் பீப்பாய்க்குள் அவனைப் படுக்கவைத்துக் காற்றை அழுத்தினார்கள். தரையில் இருந்தபடியே பதினெட்டு மீற்றர் ஆழத்து அழுத்தம், குமிழி திரும்பக் கரைவதற்கு. ஏறக்குறைய ஐந்து மணி நேரம் சிறு கண்ணாடி வழியே அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று மட்டும் நான் எதையும் எண்ணவில்லை. மூன்றாம் நாள், மூன்றாவது தடவை வெளியே வந்தபோது ஐந்து விரலும் மடங்கின. சுண்டுவிரல் இன்றைக்கும் கொஞ்சம் சோம்பேறி.

வாங்குக்கு அடியில் பொறுக்கிய மோதிரம் அவளிடம் இருந்தது. ஆஸ்பத்திரி நடையில் வைத்தே போடச் சொன்னாள். நான் நேரம் பார்க்கக் கையைத் திருப்பியதும், கடிகாரத்தைக் கழற்றித் தரும்படி கை நீட்டினாள். கழற்றிக் கொடுத்தேன். அவன் நழுவவிடாமல் போட்டுவிட்டான். சம்பந்தி சுவரைப் பார்த்தபடி மூக்கைச் சிந்தினார்.

மகனுக்குக் கடையில் காப்புறுதி உண்டு. கடலில் நடந்ததற்குத்தான் கொடுப்பார்களாம், பஸ்ஸில் நடந்ததற்கு இல்லையாம். வான், மருந்து, பின்னால் வந்து சேர்ந்தவர்களோடு சம்பந்தி வீட்டார் ஆறு பேருக்கு நான்கு நாள் அறையும் சோறும், நான் சிக்கனம் பார்த்து ஏறிய அந்த 12.50 பஸ்ஸின் இரண்டு டிக்கெட், எல்லாம் சேர்த்து ரூபா 2,86,740.