சங்கக்கடைக் கரும்பலகை

நேற்றுச் சந்தையில் வாங்கிய திரளிக் கருவாட்டைச் சுற்றியிருந்த பத்திரிகைத் துண்டை விரித்தபோது, அதில் 'இன்றைய புதிர்' என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. எண்ணெய் ஊறிப் பாதி எழுத்து மங்கியிருந்தாலும் வாசிக்க முடிந்தது. கப்பலின் பக்கத்தில் ஏணி தொங்குகிறது, தண்ணீர் ஏறுகிறது, எத்தனை படி மூழ்கும்? விடையைத் தலைகீழாக அச்சடித்திருந்தார்கள். நான் தாளைத் திருப்பவில்லை. கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். "என்ன, கருவாடு பழுதா?" என்று மனைவி கேட்டாள். "இல்ல, நல்ல கருவாடுதான்" என்றேன். இத்தனை வருடம் கூட வாழ்ந்தவளிடமும் சொல்லாத கதை இது. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

கருவாடு, மண்ணெண்ணெய், நனைந்த சாக்கு, இந்த மூன்றும் சேர்ந்த மணந்தான் இரண்டாம் உலக யுத்தகாலத்துக் கூட்டுறவுச் சங்கக்கடை. அரிசி கூப்பனுக்கு வந்துவிட்ட காலம். வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில், தண்ணீரைப் பார்த்தபடி இருந்த ஒரு சங்கக்கடையில் நான் கிளாக்கராக இருந்தேன். வயது இருபது. எஸ்.எஸ்.சி. பாஸ். சட்டைப் பையில் மையூற்றுப் பேனை, தலையில் வழிய வழிய எண்ணெய். ஊரில் என்னைவிடப் படித்தவன் கிடையாது என்று ஒரு நினைப்பு. எனக்கு அப்போது யாராவது இரண்டு அறை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒருவரும் விடவில்லை.

என்னிடம் ஒரு பழைய புதிர்ப் புத்தகம் இருந்தது. புதிர்களோடு உலகத்து அதிசயங்களும் அதில் உண்டு. கணவாய் மீனுக்கு மூன்று இதயம். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்திலும் மனிதன் கழுத்திலும் எலும்பு ஏழேதான். இவற்றையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு, கேட்டவர் கேளாதவர் எல்லாருக்கும் அவிழ்த்துவிடுவேன். ஒரு குறை என்னவென்றால், விடைகள் இருந்த கடைசித் தாள்களைச் செல் அரித்துவிட்டிருந்தது. அதனால் புதிருக்கு நானே கணக்குப் போட்டு விடை கண்டுபிடிப்பேன். புத்தகத்தில் விடை இல்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

கடை திறக்குமுன் வாசலில் சண்டை நடக்கும். யார் முதலில் வந்தது, இடம்பிடிக்க வைத்த யாருடைய சாக்கு யாருடைய கல்லைத் தள்ளியது என்று பெண்கள் குடுமிபிடிக்காத குறை. அதை அடக்க நான் ஒரு வழி கண்டேன். விலை எழுதும் கரும்பலகையின் கீழ்ப்பாதியில் தினமும் ஒரு புதிர் எழுதுவேன். சரியான விடையை முதலில் சொல்கிறவர் வரிசையில் எங்கே நின்றாலும் முன்னுக்கு வரலாம். சனத்துக்கு அது பிடித்துப்போயிற்று. எழுத்துத் தெரியாதவர்களுக்கு நானே உரக்க வாசிப்பேன். அப்படி வாசிக்கும்போது என் குரல் எனக்கே நன்றாக இருக்கும்.

தெய்வானை படுவான்கரையில் இருந்து வருகிறவள். வாவிக்கு அந்தப்பக்கம். வயல் இல்லாத தோணிக்காரக் குடும்பம். புருஷன் திருகோணமலைத் துறைமுக வேலைக்குப் போய்விட்டதால், தானே தோணியைக் கம்பால் ஊன்றித் தாங்கிக்கொண்டு வருவாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள் இருப்பாள். அதிகம் பேசமாட்டாள்.

அது கச்சான் காற்றுக் காலம். உங்களுக்குத் தெரியும்தானே, மேற்கே இருந்து நெருப்பாக வீசும். காலை பத்து மணிக்கு மேல் வாவி சுருட்டிச் சுருட்டி அடிக்கத் தொடங்கினால், சின்னத் தோணி படுவான்கரைக்குப் போக ஏலாது. பின்னேரம் காற்று விழும்வரை கரையில் கிடக்க வேண்டியதுதான்.

அன்றைக்கு அவள் வந்தபோது வரிசை பூவரசு மரம்வரை போய்விட்டிருந்தது. ஐம்பது பேருக்குக் குறையாது. நேரே என்னிடம் வந்தாள்.

"தம்பி, மகளுக்குக் காய்ச்சல். மூணு நாளா மரவள்ளிக்கிழங்குதான், அது இறங்குதில்ல. கஞ்சி வைக்க அரிசி வேணும். காத்து எழும்ப முதல் போகணும். கொஞ்சம் பாருங்க."

"எல்லாருக்கும் அவசரந்தான். கியூவில நில்லுங்க" என்றேன். பிறகு பெருந்தன்மையாக, "கேள்விக்கு விடை சொன்னா முன்னுக்கு வரலாம்" என்றும் சொன்னேன்.

அன்றைய கேள்வி அந்த ஏணிதான். கப்பலின் பக்கத்தில் ஏணி தொங்குகிறது. கடைசிப் படி தண்ணீரைத் தொடுகிறது. படிக்குப் படி ஓரடி இடைவெளி. தண்ணீர் மணிக்கு அரையடி ஏறுகிறது. எட்டு மணித்தியாலத்தில் எத்தனை படி மூழ்கும்?

நான் வாசித்து வாய் மூடவில்லை. வரிசைக் கடைசிக்குப் போய்விட்ட தெய்வானை பூவரசடியில் இருந்தே சொன்னாள்: "ஒரு படியும் தாழாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. என் கணக்கில் விடை நாலு. "அதென்னண்டு தாழாது?" என்று கேட்டேன்.

"தண்ணி ஏறினா கப்பலும் சேந்து ஏறும்தானே. மாரி வெள்ளத்தில எங்கட தோணி என்ன, அடியிலயா கிடக்கு?"

அவள் சொல்லி முடித்த கணமே எனக்கு விளங்கிவிட்டது. இதை நீங்கள் நம்ப வேண்டும். பிறகு யோசித்து விளங்கியதல்ல, அந்தக் கணமே விளங்கியது. காது இரண்டும் சூடேறின. வாவியைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன் நான், எனக்குத் தோன்றவில்லையே! வரிசை முழுக்க என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது.

காத்தான்குடியில் இருந்து சாரன் துணி கொண்டுவந்து விற்கும் மீரா காக்கா வரிசையின் நடுவில் நின்றார். "மனிசி செல்றதில ஞாயம் இரிக்கி தம்பி" என்றார்.

அப்போது ஊர் அதிகாரியான விதானையாரின் மச்சான், கடைக்கு மூன்று வீடு தள்ளி இருப்பவர், விரலை மடக்கி எண்ணிவிட்டு, "நாலு!" என்று கத்தினார்.

"சரி! நாலு!" என்றேன் நான். அதோடு விட்டேனா? தெய்வானையைப் பார்த்து, "இது தோணி தாங்கிற வேலையில்ல அக்கா, கணக்கு" என்றும் சொன்னேன். வரிசை கொல்லென்று சிரித்தது. அவள் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள். மச்சான் கையை வீசிக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

அவளுடைய முறை வந்தபோது பகல் பன்னிரண்டு தாண்டிவிட்டது. அரிசியைக் கொத்தால் அளந்து போட்டேன். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கடையின் யன்னலில் இருந்து துறை நன்றாகத் தெரியும். அவள் தோணியைத் தள்ளினாள். காற்று திரும்பக் கரைக்கே கொண்டுவந்து போட்டது. மறுபடி தள்ளினாள். மூன்றாம் முறை விட்டுவிட்டு, அரிசிப் பையை மடியில் வைத்துக்கொண்டு கரையில் குந்தினாள். அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னேரம்வரை அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. நான் சாப்பிடவில்லை, ஆனால் எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. யன்னலைச் சாத்தினேன். வெட்கம் கெட்டவன், பிறகு திறந்து பார்த்தேன். இருட்டுப் படத் தொடங்கியபோதுதான் தோணி நகர்ந்தது.

அடுத்த கிழமை அவள் வந்தாள். மகளுக்குச் சுகமா என்று நான் கேட்கவில்லை. கேள்வி எழுதுமுன்பே, "அக்கா, நீங்க முன்னுக்கு வாங்க" என்றேன்.

"என்னத்துக்கு? இண்டைக்கு நான் ஒரு விடையும் சொல்லல்லயே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "என்ட இடத்தில நிக்கிறன்."

அன்றோடு புதிரை நிறுத்தினேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு, சோக்கு முடிந்துவிட்டது என்று புளுகினேன். யுத்தகாலம், எல்லாந்தான் தட்டுப்பாடு, நம்பினார்கள். ஆனால் மீரா காக்கா மறுநாளே எங்கேயோ பிடித்து இரண்டு சோக்குக் கட்டி கொண்டுவந்து, "எழுதுங்க தம்பி, சனம் காத்திட்டு இரிக்கி" என்று கையில் வைத்தார். என் முகத்தையே பார்த்தார். அவருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். கரும்பலகை துடைத்துச் சுத்தமாக இருந்தது. சரியான விடையை எழுத ஒரு வரி போதும். நான் என்ன எழுதினேன் தெரியுமா? 'தீக்கோழியின் கண் அதன் மூளையைவிடப் பெரியது.'

பிறகு யுத்தம் முடிந்தது, எனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. பல வருடம் கழித்துத் திரும்பிவந்தபோது கடை இருந்த இடத்தில் வெறும் நிலம், பூவரசு இல்லை, துறையில் ஒரு தோணி இல்லை. மீரா காக்கா மவுத்தாகி, மண்ணுக்குள் போய் நெடுநாள். எப்படியாவது தெய்வானையிடம் 'நீங்க சொன்னதுதான் சரி' என்று சொல்லிவிட வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு போனேன். அவளும் இல்லை. மகள் பனிச்சங்கேணியில் கலியாணம் முடித்து இருந்தாள். அங்கேயும் போனேன்.

தேத்தண்ணி தந்தாள். சங்கக்கடையில் வேலைசெய்தவன் என்று சொல்லி, கூப்பன் அரிசிக் காலம் ஞாபகம் இருக்கிறதா என்று மெல்ல ஆரம்பித்தேன்.

"அரிசி எல்லாம் ஞாபகம் இல்ல. ஒரு நாள் மட்டும் மறக்கல்ல. எனக்கு அஞ்சு வயசிரிக்கும், நல்ல காய்ச்சல். விடிய வெள்ளெண போன அம்மா வரவே இல்ல. வாவியில தோணி கவிண்டு தாண்டு போயிற்றா எண்டு பக்கத்து வீட்டில கதைச்சது எனக்குக் கேட்டிச்சு. இருட்டின மறுகாதான் வந்தா. இண்டைக்கும் ஆரும் வரப் பிந்தினா எனக்கு நெஞ்சு பதறும். ஏன் பிந்தின எண்டு கேட்டா, காத்து எண்டுதான் அம்மா சொன்னா."

என்னைப் பற்றித் தெய்வானை ஒரு வார்த்தையும் வீட்டில் சொல்லவில்லை.

"ஓம் பிள்ள," என்றேன். "அண்டைக்குக் கடும் காத்து."

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். போன மாதம் அந்த மகளும் காலமாகிவிட்டாளாம்.