குளம்பில் விழுந்த கோடு

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை ஓய்ந்திருந்த சமயம் நடந்தது இது. ராஜபாளையத்தில் இருந்து அய்யனார் கோவில் போகும் ரோட்டோரம் எங்களுக்குச் சின்னதாக ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. அங்கே ஒரு பெண் குதிரை வளர்க்கிறோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாண மாப்பிள்ளைகளைச் சுமந்து சுமந்து ஓய்ந்துபோன குதிரை. ஆசைப்பட்டு வாங்கி வந்தவர் என் கணவர். வளர்க்கும் வேலை வழக்கம்போல என் தலையில் விழுந்தது.

தார் ரோட்டில் நடந்த குதிரை என்பதால் நாலு காலிலும் லாடம் அடித்திருந்தார்கள். தோப்பு மண்ணில் நடக்க இரும்பு எதற்கு என்று கழற்றிவிட்டோம். கால்நடை டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி, மாதம் ஒருமுறை நானே அரத்தை வைத்துக் குளம்பை ராவிவிடுவேன். ஆரம்பத்தில் முள்ளில் நடப்பதுபோல நடந்தது, சில மாதத்தில் சரளைக்கல்லில்கூட வெறுங்காலோடு ஜம்மென்று நடந்தது. எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது என்றே சொல்லலாம்.

தினமும் காலையில் ஒரு அண்ணாச்சி அந்த வழியாக நடக்க வருவார். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், சர்க்கரை வியாதிக்காரர். எங்கள் தோப்புக்கு வந்ததும் உள்ளே வந்துவிடுவார். சட்டைப்பையில் ஒரு கருப்பட்டித் துண்டைக் காகிதத்தில் மடித்து வைத்திருப்பார். குதிரை பாய்ந்து வந்து அந்தப் பையை மூக்கால் முட்டும்.

"நமக்குத்தான் திங்கக் கொடுத்து வைக்கல தாயி, இதாவது திங்கட்டும். என்னையக் கண்டா ஓடி வர ஆளு ஊருக்குள்ள இது ஒண்ணுதான்" என்பார்.

அந்த ஐப்பசியில் ஒருநாள் காலை குதிரை ஓடி வரவில்லை. முன்னங்கால்களை முன்னால் நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து நின்றது. குளம்பைத் தொட்டால் கொதித்தது. டாக்டர் வந்து பார்த்தார். குளம்புக்குள் வீக்கம், முற்றினால் எழுந்து நிற்கவே முடியாமல் போய்விடும் என்றார்.

"இனிப்பு கினிப்பு யாரும் குடுக்கீங்களா?"

வழக்கம்போல வந்திருந்த அண்ணாச்சி அப்போதுதான் காகிதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். டாக்டர் கேட்டதும் என் கண் அண்ணாச்சி கையில் போய் நின்றது. அவர் காகிதத்தை மறுபடி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வாரேன் தாயி" என்று போய்விட்டார். மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

அவர் போன பிறகு டாக்டர் தோப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மழைக்குத் தழைத்திருந்த புல்லில் நாள் முழுக்க மேயவிட்டதுதான் பெரிய காரணம் என்றார். புல்லில் இம்புட்டு இனிப்பு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? மேயவிட்டது நான். கருப்பட்டி ஏதோ கொஞ்சம் சேர்ந்திருக்கலாம், அவ்வளவுதான்.

இதை அண்ணாச்சியிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் நொண்டுகிற குதிரையை வைத்துக்கொண்டு என்னவென்று போய்ச் சொல்வது? நன்றாக நடக்கட்டும், நல்ல சேதியோடு போகலாம் என்று தள்ளிப்போட்டேன். மணல் கொட்டி அதில் நிறுத்தினேன். காய்ந்த புல்லைத் தண்ணீரில் ஊறவைத்துப் போட்டேன். பயந்து பயந்து குளம்பின் முனையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். நல்லவேளை, தை பிறப்பதற்குள் எட்டு வைக்க ஆரம்பித்தது.

ஆனால் அந்த வீக்கம் குளம்பின் உச்சியில் வளையம் போல ஒரு கோட்டை விட்டுப் போயிருந்தது. குளம்பு வளர வளர அதுவும் இறங்கியது. அந்தக் கோடும் மறையட்டும் என்று இன்னும் தள்ளிப்போட்டேன். கோடு அடி வரைக்கும் இறங்க ஏறத்தாழ ஒரு வருடம் ஆனது. அதை ராவி எடுத்த அன்றைக்குத்தான் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன்.

வீடு பூட்டியிருந்தது. கோயம்புத்தூரில் மகனோடு இருக்கிறார் என்று பக்கத்து வீட்டில் நம்பர் கொடுத்தார்கள். வாசலில் நின்றபடியே போனில் பேசினேன். குதிரை ஓடுகிறது என்றேன். உங்கள் கருப்பட்டியால் வந்ததில்லை, நான் மேயவிட்ட புல்லால் வந்தது என்றேன்.

"சக்கரை காலைத்தான் பிடிக்கும்னு தெரிஞ்சவன் நானு. தெரிஞ்சும் அந்த வாயில்லாச் சீவனுக்குக் குடுத்துட்டேனேன்னு இருந்துச்சு. ஒன் மூஞ்சில முழிக்கக் கூசி, காலையில நடக்கிறதையே விட்டுட்டேன் தாயி" என்றார். பிறகு, "இப்ப வரலாம்னாலும் ஏலாது. கால்ல ரெண்டு வெரல எடுத்துட்டாக. நீ சொன்னதே போதும், வச்சிரட்டா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

இப்போதும் குளம்பை மடியில் வைத்து அரத்தை எடுக்கும்போதெல்லாம் அவர் ஞாபகம் வந்துவிடுகிறது. ஒரு குளம்பு வளர்ந்து இறங்கும்வரை ஒரு வருடம் பொறுமையாகக் காத்திருந்த எனக்கு, காத்திருக்கவே கூடாத ஒரு வார்த்தையை அன்றே அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லத் தெரியவில்லையே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.