அடைப்புக்குறிக்குள் பன்னிரண்டு வசனங்கள்

மொரப்பூரில் சென்னம்மாள் மாவு என்றால் ரயில்வே குடியிருப்புவரை தெரியும். காலையில் அரைப்பாள், பொழுது சாய்வதற்குள் விற்றுவிடுவாள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. குரல் கொஞ்சம் தடித்தது. கேட்க வேண்டியதை நேரே கேட்டுவிடுகிற வாய். ஞானஸ்நானத்தின்போது மரியாள் என்று ஒரு பெயர் கொடுத்தார்கள். அந்தப் பெயரால் யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை.

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். கணவன் கட்டட வேலைக்குப் பெங்களூரு போய், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் வந்துபோன காலத்தில், புளி மூட்டை ஏற்ற வந்த லாரி டிரைவர் ஒருவனோடு அவளுக்குப் பழக்கம் ஏற்பட்டது. ஊருக்குத் தெரிந்து, கோவில் முன்னால் நிறுத்தி வைத்துக் கேட்டார்கள். அவள் மறுக்கவில்லை. மறுக்க அதில் ஒன்றுமில்லை. டிரைவரைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. "இனிமே இந்த ஊரு எல்லையில காலு வெக்காத" என்று தீர்ப்பானது. கணவன் குனிந்த தலையை நிமிர்த்தவேயில்லை. கட்டின புடவையோடு மொரப்பூர் வந்தவள், ஸ்டேஷன் பக்கத்து மெஸ் ஒன்றில் பாத்திரம் தேய்க்கச் சேர்ந்தாள்.

மெஸ்ஸுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு சபை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து ஒலிபெருக்கியில் ஒரு கதை வந்தது. தப்பு செய்து பிடிபட்ட ஒரு பெண்ணை இழுத்து வந்து நடுவில் நிறுத்துகிறார்கள். கல்லெறிந்து கொல்லலாமா என்று கேட்கிறார்கள். இயேசு குனிந்து தரையில் என்னவோ எழுதுகிறார். உங்களில் பாவமில்லாதவன் முதல் கல்லைப் போடட்டும் என்கிறார். பெரியவர்கள் தொடங்கி ஒவ்வொருவராக நழுவிப் போகிறார்கள்.

தேய்த்துக்கொண்டிருந்த குண்டான் கையிலேயே நின்றுவிட்டது. யாரோ தன் ஊருக்குப் போய் விசாரித்துவிட்டு வந்து பேசுவதுபோல் இருந்தது அவளுக்கு. அந்தப் பெண்ணும் நிரபராதி இல்லை, தானும் இல்லை. அதுதான் அவளைப் பிடித்தது. சோப்பு நுரை காயாத கையோடு போய்க் கடைசி வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, மெஸ் வேலை போய்ச் சொந்த மாவு வியாபாரம் வந்த பிறகும் அதே சபைதான். ஐந்தாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி அவள் முதலில் படித்ததும் யோவான் சுவிசேஷத்தின் அந்தப் பகுதியைத்தான்.

போன வருஷம் கண் மங்கத் தொடங்கியது. சபையில் பெரிய எழுத்து வேதாகமம் ஒன்று கொடுத்தார்கள். புது மொழிபெயர்ப்பு. வீட்டுக்கு வந்ததும் அவள் திருப்பியது தன் பகுதியைத்தான். தொடக்கத்தில் ஒரு சதுர அடைப்புக்குறி. பன்னிரண்டு வசனம் தாண்டி, முடிவில் இன்னொன்று. பக்கத்தின் அடியில் எறும்பு மாதிரி ஒரு வரி. வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கூட்டிக் கூட்டிப் படித்தாள். மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இந்தப் பகுதி இல்லை என்று போட்டிருந்தது.

"இல்லைன்னா? அப்ப ஆரு சேத்தாங்க?" என்று வாய்விட்டே கேட்டாள். மாவு வாங்க வந்து நின்ற பக்கத்து வீட்டு ரேவதி தன்னைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து விழித்தாள்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் அருள்குமாரிடம் பக்கத்தை விரித்துக் காட்டினாள். அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பைபிள் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவர், நல்ல பாட்டுக்காரர்.

"சிஸ்டர், அடியில இருக்கறதெல்லாம் மனுஷர் எழுதினதுங்க. மேல இருக்கறதை மட்டும் படிங்க."

"மேல இருக்கறதே இருந்துச்சா இல்லையான்னுதானுங்களே அடியில போட்டிருக்குது?"

"விசுவாசத்தோட படிங்க சிஸ்டர்" என்றவர், யாரோ கூப்பிட்டதுபோல் நகர்ந்து போனார். யாரும் கூப்பிடவில்லை.

பெண்கள் கூட்டத்தில் கேட்டாள். இப்படிப்பட்ட சந்தேகம் எல்லாம் பிசாசு போடுவது என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் அவளுக்காகக் கண்ணை மூடி ஜெபித்தார்கள். சென்னம்மாள் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். சந்தேகத்தைப் பிசாசு போடவில்லை, அச்சடித்தவன் போட்டிருக்கிறான். அது இவர்கள் ஒருவருக்கும் தெரியவில்லையா?

தருமபுரியில் பல சபைகள் சேர்ந்து நடத்தும் கன்வென்ஷன் கூட்டம் நடந்தது. வேதத்தை நம்பலாமா என்பதுதான் தலைப்பு என்றதும், மாவு அரைப்பதை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போனாள். பேச வந்தவர் பூவரசன் என்று பெரிய பெயரெடுத்த பிரசங்கியார். கேள்வி நேரத்தில் சென்னம்மாள் எழுந்தாள். அவர் முகம் மலர்ந்து, உலகத்தில் எந்தப் பழைய நூலுக்கும் இத்தனை ஆயிரம் பிரதிகள் கிடையாது என்று நீளமாகப் பேசினார். கூட்டம் கை தட்டியது.

"ஐயா, எத்தனை இருக்குதுன்னு நான் கேக்கலைங்க. இந்தப் பன்னெண்டு வசனம் அதுல இருக்குதுங்களா, இல்லைங்களா?"

"நல்ல கேள்விம்மா. நேரமாயிடுச்சு, ஜெபத்தோட முடிப்போம்" என்றார் அவர்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஊர் நடுவில் நின்றபோதுகூட அவளிடம் கேட்டார்கள், அவள் பதில் சொன்னாள். இவர்களோ பதிலே இல்லாமல் சிரித்துச் சிரித்து அனுப்புகிறார்கள். இருபது வருஷமாகத் தன்னைத் தாங்கின கதை யாரோ நடுவில் சொருகினது என்றால், மற்றதில் எது சொருகினது, எது இல்லை? யாரைப் போய்க் கேட்பது?

சபைக்குப் போவதை நிறுத்தினாள். ஞாயிற்றுக்கிழமையும் கிரைண்டர் ஓடியது. வாடிக்கைக்காரர்களிடம் எரிந்து விழுந்தாள். உளுந்தை நேரத்தோடு ஊறவைக்க மறந்து, இரண்டு முறை அவள் மாவில் இட்லி கல் மாதிரி வந்தது.

ஒரு நாள் மத்தியானம் அருள்குமார் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"ஏன் வர்றதில்லைங்க?"

"பதிலு இல்லாத எடத்துக்கு என்னத்துக்குங்க வர்றது?"

அவர் கிரைண்டர் பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, முதல் முறையாக சிஸ்டர் என்பதை விட்டு, "அக்கா, எனக்குத் தெரியுங்க. காலேஜ்லயே சொல்லிக் குடுத்தாங்க" என்றார். அந்தக் காலத்தில் எல்லாம் கையால் பார்த்து எழுதினதுதான். இன்று கையில் இருப்பதிலேயே பழைய பிரதிகளில் அந்தப் பகுதி இல்லை, பிற்காலத்துப் பிரதிகள் பலவற்றில் இருக்கிறது, சிலதில் வேறு இடத்தில் இருக்கிறது. சபைகளில் ஆதியிலிருந்தே வாய்வழியாகச் சொல்லி வந்த உண்மைச் சம்பவமாக இருக்கலாம் என்று படித்தவர்களில் பல பேர் நினைக்கிறார்கள்.

"நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

"நடந்துச்சுன்னு நம்பறேங்க. ஆனா நிரூபிக்க முடியாது."

"இதை அன்னைக்கே சொல்றதுக்கு வாயி வரலையா உங்களுக்கு?"

"பயங்க அக்கா. இருக்கறதே முப்பது குடும்பம். ஒரு எடத்துல இப்படின்னு சொன்னா, மொத்தத்தையும் போட்டுட்டுப் போயிடுவாங்களோன்னு."

சென்னம்மாளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "சந்தேகம் உள்ள எடத்துல குறி போட்டுக் காட்டியிருக்கானே, அவனை நம்பலாமுங்க. மறைச்சிருக்கலாம், மறைக்கலை. அப்ப குறி இல்லாத எடமெல்லாம் தேடிப் பாத்துட்டுத்தான் உட்டிருக்கான். எனக்கு இது போதும். உங்களைத்தான் நம்ப முடியலை."

வருகிற ஞாயிறு சபையில் சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஞாயிறு அவள் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். அவர் பத்துக் கட்டளைகளைப் பற்றிப் பேசினார். அடுத்த வாரம் நோவாவின் பேழை.

மூன்றாவது வாரம், தங்கள் வாழ்க்கையில் நடந்ததை எழுந்து சாட்சி சொல்கிற நேரத்தில் அவளே எழுந்து மைக்கை வாங்கினாள். லாரி டிரைவரிலிருந்து தொடங்கி, ஊர் விலக்கியது, ஒலிபெருக்கியில் கேட்டது, அடைப்புக்குறி, அடிக்குறிப்பு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

மூப்பர் பச்சியப்பன் எழுந்தார். "வேதத்துல தப்பு இருக்குதுன்னு சொல்ல வர்றியாம்மா?"

"உண்மையை மறைக்காத புத்தகம்னு சொல்ல வர்றேனுங்க."

எல்லோரும் போதகரைப் பார்த்தார்கள். அருள்குமார் கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை மூடினார். "அவங்க சொல்றது சரிங்க" என்று எழுந்து, அவளுக்கு வீட்டில் சொன்னதையெல்லாம் சபைக்கும் சொன்னார். முதலில் தடுமாறினார், போகப் போகக் குரல் நேரானது.

ஒரு குடும்பம்தான் வராமல் நின்றது. அவர் பயந்ததுபோல் சபை ஒன்றும் கலைந்துவிடவில்லை. ஆனால் அந்த அடைப்புக்குறியைப் பற்றி அவளிடம் ஒருவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. லாரி டிரைவரைப் பற்றித்தான் குசுகுசுத்தார்கள். எந்த ஊர்க்காரன், இப்போது எங்கே இருக்கிறான் என்று ரேவதியிடம் விசாரித்தார்கள். இத்தனை பாடுபட்டு வேதத்தைப் பற்றிக் கேட்டால், கடைசியில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்களே என்று சென்னம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனாலும் போவதை விடவில்லை. இப்போது லூக்கா சுவிசேஷம் படித்துக்கொண்டிருக்கிறாள். பாவி என்று ஊர் ஒதுக்கின ஒருத்தி கண்ணீரால் இயேசுவின் பாதத்தை நனைக்கிற இடத்தை, ஒரு குறியும் இல்லாத அந்தப் பக்கத்தை, விரல் வைத்து வரி வரியாகச் சரிபார்த்தாள். பிறகு அடிக்குறிப்புகளையும் படித்தாள். சந்தேகம் வந்தால் புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் எழுந்து கேட்கிறாள். அவள் எழுந்தாலே அருள்குமார் தண்ணீர் குடிக்கிறார். ஆனால் பதில் சொல்கிறார். தெரியாததைத் தெரியாது என்றும் சொல்கிறார்.