காப்புக் கட்டிய கோல்கீப்பர்

ஜீவராணி கோலுக்கு முன்னால் நின்றால் கொசுகூட உள்ளே போகாது. இது சற்றுக் கூட்டிச் சொன்னதுதான். கொசு போகும், போன வருடம் ராகலைக்காரிகள் அடித்த பந்தும் போயிருக்கிறது. ஆனால் பொகவந்தலாவைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் ஹொக்கி டீம் அரையிறுதிக்கு வந்தது அவளால்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அதுவே அவளுக்கு வினையாகப் போயிற்று.

டீமில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் ஒவ்வொருத்தியாகக் கழன்றுவிட்டார்கள். சுலக்ஷனா மஸ்கெலியாவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். கோல் அடிப்பதில் கெட்டிக்காரியான நாகலெட்சுமி ஜோர்தானுக்குத் துணி தைக்கப் போனாள். மிச்சம் ஜீவராணிதான். அவளுக்கும் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலையில் கடையில் நிற்கவேண்டும். ராகலைக்காரிகளோடு அரையிறுதி அதற்கு முந்தின நாள். ஜெயித்தால் இறுதி ஆட்டம் அடுத்த மாதம். அதுவரைக்கும் கடைக்காரர் காத்திருக்க மாட்டார்.

கொழுந்து நிறுக்கிற இடத்தில் தோட்டத் தலைவர் முத்துலிங்கம் அவளை மறித்துக் கேட்டார். "என்னா புள்ள, நம்ம டீம் தேறுமா?"

"தேறாதுங்க. நான் மறிப்பேன், சரி. அங்கிட்டுப் போயி அடிக்கிறதுக்கு ஆளு எங்க? மிஞ்சிப்போனா மானத்தோட தோக்கலாம்."

"ஓடுறதுக்கு வழி தேடுறவ ஜெயிப்போம்னா சொல்லுவா?" என்றாள் வரிசையில் நின்ற மீனம்மா. கூடையோடு நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். உள்ளதைச் சொன்னால் நம்ப ஆளில்லை. ஜெயிப்போம் என்று சொன்னாலோ விடவே மாட்டார்கள்.

இருக்கிற ஒருத்தியும் போய்விடக்கூடாதென்று தலைவர் ஒரு காரியம் செய்தார். வெள்ளிக்கிழமைப் பூஜைக்கென்று டீமை மாரியம்மன் கோயிலுக்கு அழைத்து, போட்டி முடியும்வரைக்கும் என்று நேர்ந்து, பூசாரி சோலைமலையைக் கொண்டு அத்தனை பேர் கையிலும் காப்புக் கட்டிவிட்டார். காப்புக் கட்டியவர் தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. ஜீவராணி மணிக்கட்டைப் பார்த்தாள். மஞ்சள் ஈரம்கூடக் காயவில்லை. அறுத்தெறியவும் கை வரவில்லை, அம்மன் விஷயமாயிற்றே.

ஞாயிறு காலை லொறி வந்து நின்றபோதுதான் தலைவருக்கே உறைத்தது. ஆட்டம் நுவரெலியாவில்.

அவிழ்த்தால் ஜீவராணி போய்விடுவாள். அவிழ்க்காவிட்டால் டீமே போகமுடியாது. தலைவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் பூசாரி ஒரு பிஸ்கட் டின்னில் கோயில் மண்ணை அள்ளிவந்து லொறியில் வைத்தார். "இந்த மண்ணு இருக்கிற இடமெல்லாம் அம்மன் எல்லைதான். ஏறுங்க."

எல்லாரும் ஏறினார்கள். ஜீவராணி மட்டும் டின்னுக்குள் கையைவிட்டு ஒரு பிடி அள்ளி, கைலேஞ்சியில் முடிந்துகொண்டாள்.

"அது எதுக்கு?" என்றார் தலைவர்.

"ஆட்டத்த முடிச்சிட்டு அப்படியே கொழும்பு பஸ்ல ஏறிருவேங்க."

"ஜெயிச்சிட்டா?"

அவள் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள். ராகலைக்காரிகளைவிட அவள் பயந்தது அதற்குத்தான்.

"விளையாடப் போறவங்களுக்குத்தான் அந்த மண்ணு. வேலைக்கு ஓடுறவளுக்கு இல்ல," என்றார் தலைவர்.

"அப்படி இல்லீங்க தலைவரே," என்றார் சோலைமலை, டின்னை மூடிக்கொண்டே. "மண்ணுக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. அவ போகலாம். காப்பு அவுக்கிற வரைக்கும் கவிச்சிதான் திங்கக்கூடாது, கொழும்புலயும்."