பெண்கள் பெட்டிப் பழக்கம்

மலேசியாவில், கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வேலைக்குப் போய்வந்த காலம் முழுக்க நானும் என் வீட்டுக்காரரும் ஒரே ரயிலில்தான் போனோம். ஆனால் ஒரே பெட்டியில் இல்லை. கொம்யூட்டர் ரயிலில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி விட்ட நாளிலிருந்து நான் அதில் ஏறுவேன், அவர் அடுத்த பெட்டியில். இறங்கிய பிறகு பிளாட்பாரத்தில் சேர்ந்துகொள்வோம். கூட்டத்தில் தவறிவிட்டால் தேடி அலையக் கூடாது, பிரிந்த இடத்திலேயே நிற்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அதற்கு முன்னால் செந்தூல் ரயில் பட்டறையில், அதை மூடும்வரை வேலை பார்த்த மனுஷன், சட்டம் போடாமல் இருக்க மாட்டார்.

அந்தப் பெட்டிப் பழக்கம்தான் ஜெர்மனியில் என் உயிரை வாங்கியது.

மகள் அங்கே ஒரு சின்ன ஊரில் வேலை பார்க்கிறாள். போன வருஷம் அவளிடம் போயிருந்தோம். ஒரு சனிக்கிழமை அவளுக்கு வேலை. "நீங்க ரெண்டு பேரும் நியூரம்பெர்க் போய்ட்டு வாங்க லா. ஒரே ரயில், மாற வேண்டாம்," என்றாள். நான் துள்ளிக்கொண்டு கிளம்பினேன். அவருக்கு அரை மனசு. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால்தான் அவருக்குச் சின்னதாக ஒரு ஸ்ட்ரோக் வந்திருந்தது. வலது கால் கொஞ்சம் இழுக்கும். பதற்றம் வந்தால் பேச்சு அடைத்துக்கொள்ளும், பெயரைக் கேட்டால்கூடச் சொல்ல வராது. அன்றிலிருந்து டாக்டரிடமும் பாசார் கடைகளிலும் அவருக்குப் பதிலாக நான்தான் பேசுகிறேன்.

ஊர் அழகுதான், ஆனால் நான் எங்கே பார்த்தேன்? அந்தக் கல் பாவிய தெருவில் அவர் கால் தடுக்குமோ என்று பயம். சைக்கிள்காரன் மோதிவிடுவானோ என்று பயம். சர்ச் வாசல் பெஞ்சில் நாசி லெமாக் சோற்று டப்பாவைத் திறந்தபோது, சம்பல் வாசனைக்கு யாராவது திட்டுவார்களோ என்று அதற்கும் பயம். அவர் பாட்டுக்கு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

திரும்பும்போது ஸ்டேஷன் முழுக்கக் கால்பந்து ரசிகர் கூட்டம், ஆளுக்கொரு பீர் பாட்டில். முன் பெட்டியில் ஒரே ஒரு இடம் கிடைத்தது. "நீங்க உக்காருங்க, நான் பின்னால போய்க்கிறேன். எறங்குற எடத்துல பாத்துக்கலாம்," என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அதற்குள் இறங்கி, ரயிலின் வால் வரைக்கும் நடந்து, நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருந்த பெட்டியாகப் பார்த்து ஏறினேன். இரண்டு பேருக்கும் சேர்த்து எடுத்த டிக்கெட், பாஸ்போர்ட், மகள் சிம் போட்டுக்கொடுத்த போன், எல்லாம் அவரிடம். என்னிடம் இருந்தது காலி டப்பாவும் என் வாயும்.

முக்கால் மணி நேரம் கழித்து ஒரு சின்ன ஸ்டேஷனில் ரயில் நின்றது. ஜெர்மன் மொழியில் நீளமாக ஏதோ அறிவித்தார்கள். சன்னல் வழியே பார்க்கிறேன், ரயிலின் முன் பாதி மட்டும் தனியாக நகர்ந்து போகிறது. எங்கள் பாதி அசையவில்லை.

எதிரே இருந்த பெண்ணிடம் மகளுடைய ஊர்ப் பெயரைச் சொன்னேன். போய்க்கொண்டிருந்த அந்தப் பாதியைக் கை காட்டினாள். இது வேறு ஊருக்குப் போகிறது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நான் அவளிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போதே எங்கள் ரயிலும் கிளம்பிவிட்டது.

டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொள்வேன் என்ற பயம் ஒரு நிமிஷம்தான். அப்புறம் அவர் முகம் வந்தது. மகள் ஊரில் இறங்கிப் பின்னால் திரும்பிப் பார்ப்பார், நான் ஏறிய பெட்டியே இருக்காது. யாரிடம் கேட்பார்? வாய் திறந்தால் வார்த்தை வராது. குடிகாரன் என்று நினைத்து ஒதுங்கிப் போவார்கள். பதற்றத்தில் இன்னொரு ஸ்ட்ரோக் வந்தால்?

அந்தப் பெண் தன் போனைக் கொடுத்தாள். மகள் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை. தெரிந்தது ஒரே நம்பர், அவருடைய மலேசிய நம்பர். அந்த சிம் கார்டு மகள் வீட்டு மேசை டிராயரில் கிடந்தது. அது தெரிந்தும் இரண்டு தடவை அடித்தேன்.

அடுத்த ஸ்டேஷனில் அவள் என்னை இறக்கி, எதிர் பிளாட்பாரத்தைக் காட்டிவிட்டுப் போனாள். அரை மணி நேரம் அங்கே தனியாக நின்றேன். மாரியம்மனிடம் வேண்டாதது பாக்கியில்லை. திரும்பும் ரயிலில் டிக்கெட் பரிசோதகர் வந்து நின்றார். ஹஸ்பெண்ட் என்றேன், அதற்குமேல் எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அழுகைதான் வந்தது. அவர் என் தோளைத் தட்டிவிட்டு நகர்ந்தார்.

ரயில் பிரிந்த ஸ்டேஷனில் இறங்கி, மகள் ஊருக்கு எந்தப் பிளாட்பாரம் என்று தேடினேன். பார்த்தால் அவர் நிற்கிறார். என் பெட்டி நின்றிருந்த இடத்திலேயே, குளிரில் இரண்டு கையையும் கக்கத்தில் சொருகிக்கொண்டு.

"ஏங்க, இங்க எப்படி?" என்று கேட்டேன். பதில் வர நேரமானது. வழக்கமாக நான் வார்த்தையை எடுத்துக் கொடுப்பேன். அன்று காத்திருந்தேன்.

"கப்ளிங் கழட்டுற... சத்தம் கேட்டுச்சு. எறங்கிட்டேன்."

பெட்டிகளைப் பிணைக்கும் கொக்கி கழன்ற சத்தம் கேட்டதும், முன் பாதி கிளம்பும் முன்பே இறங்கி, காலை இழுத்துக்கொண்டு என் பெட்டி வரைக்கும் நடந்திருக்கிறார். என் சன்னலைத் தட்டியும் இருக்கிறார். நான் அந்தப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தேன். ரயில் போய்விட்டது. மகளுக்கு ஒரே ஒரு வரி அனுப்பிவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். அம்மா இங்கேதான் வருவாள் என்று.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "பட்டறையில இருந்தவருக்கு, ரெண்டு ரயில சேத்து வச்சிருக்கான்னு பாத்ததுமே தெரிஞ்சிருக்கும்ல? நியூரம்பெர்க்லயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்ல வந்தேன்," என்றார். "நீ நிக்கல."